நீராவி எஞ்சினிலிருந்து பொம்மை வண்டி வரை: ஒரு கம்பியின் கதை



பாறை மேல் ஏறும் ரிமோட் வண்டி ஒன்று இப்போது பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. ராக் கிராலர் என்கிறார்கள். "டீச்சர், பையன் நாள் முழுக்க அந்த வண்டியின் கம்பிகளைக் கழற்றித் திருகி மாட்டிக்கொண்டே இருக்கிறான். இது படிப்புக்கு ஆகுமா?" என்று உங்களில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் கம்பி எதற்கு என்று பார்ப்போம். வண்டியின் சக்கரம் கல்லில் ஏறும்போது ஆக்சில் மேலே போக வேண்டும், பள்ளத்தில் கீழே இறங்க வேண்டும். ஆனால் முன்னே பின்னே ஓடக்கூடாது, பக்கவாட்டில் நகரக்கூடாது, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் கூடாது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் எடையைத்தான் தாங்கும். ஆக்சில் எந்த வழியில் போகலாம், எந்த வழியில் போகக்கூடாது என்று தீர்மானிப்பவை சேஸிஸையும் ஆக்சிலையும் இணைக்கும் இந்தக் கம்பிகள்தான். லிங்க் என்பது அவற்றின் பெயர்.

இந்தக் கணக்கு காருக்கு முன்பே தொடங்கியது. ஜேம்ஸ் வாட் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் பல்கலைக்கழகப் பட்டதாரி அல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து, பழுதுபார்த்துக் கொடுத்த கைத்தொழிலாளி. பழைய நீராவி எஞ்சினில் பிஸ்டன் ஒரு சங்கிலியால் மேலிருந்த பெரிய உத்தரத்தை இழுத்தது. இழுக்க மட்டும் என்றால் சங்கிலி போதும். வாட் தன் எஞ்சினைக் கீழே இழுக்கவும் மேலே தள்ளவும் செய்தபோது சிக்கல் வந்தது. சங்கிலியால் தள்ள முடியாதே! கெட்டியான கம்பி வேண்டும். ஆனால் பிஸ்டன் போவது நேர்கோட்டில், உத்தரத்தின் முனை போவது வட்டவில்லில். நேராகக் கட்டிவிட்டால் ஏதாவது ஒன்று உடையும்.

வாட் கண்ட வழி எளியது. இரண்டு நீளக் கம்பிகள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வரட்டும். அவற்றின் முனைகளை ஒரு குட்டைக் கம்பி இணைக்கட்டும். ஒன்று இடப்பக்கம் வளையும்போது மற்றது வலப்பக்கம் வளையும். இரண்டு வளைவும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, குட்டைக் கம்பியின் நடுப்புள்ளி ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். 1784-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பல ஆண்டுகள் கழித்து மகனுக்கு எழுதிய கடிதத்தில், தான் செய்த இயந்திரக் கண்டுபிடிப்புகளிலேயே இதைத்தான் அதிகப் பெருமையாக நினைப்பதாகச் சொன்னார். உலகமே அவரை எஞ்சினுக்காக நினைவில் வைத்திருக்க, அவர் மனம் நிறைந்தது கம்பிகளின் இந்த இணைப்பில்!

அடுத்து நடந்ததுதான் "படிப்புக்கு ஆகுமா" என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதில். ரஷ்யாவில் செபிஷேவ் என்று ஒரு பெரிய கணிதமேதை இருந்தார். 1852-ல் ஐரோப்பாவில் பயணம் செய்து காற்றாலைகளையும் நீராவி எஞ்சின்களையும் நேரில் பார்த்தார். வாட்டின் கம்பிகள் "ஏறத்தாழ" நேர்கோடு போடுகின்றன, அந்தப் பிழையை எவ்வளவு குறைக்கலாம் என்று யோசித்தார். 1854-ல் வந்த அவருடைய கட்டுரை இதைப் பற்றியதுதான். இன்று கல்லூரிக் கணிதத்தில் செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகள் என்று படிக்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. 1864-ல் பிரெஞ்சு ராணுவ அதிகாரி போசெல்லியே துல்லியமான நேர்கோடு போடும் கம்பி இணைப்பைக் கண்டார். செபிஷேவின் மாணவர் லிப்கினும் தனியாக அதே விடைக்கு வந்தார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வந்தது பட்டறை. கணக்கு அதன் பின்னால் வந்தது.

மோட்டார் வண்டிகள் வந்ததும் பாரிஸின் பனார் நிறுவனம் ஒரே கம்பியால் வேலையை முடித்தது. ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை சேஸிஸில், குறுக்காக. பக்கவாட்டு ஆட்டம் நின்றது. பனார் ராடு என்று இன்றும் அதற்குப் பெயர். ஆனால் ஒற்றைக் கம்பி வட்டவில்லில்தான் போகும் என்பதால் ஆக்சில் ஏறி இறங்கும்போது சற்றே பக்கத்தில் நகரும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் வாட்டின் பழைய இணைப்பையே காரின் அடியில் மாட்டினார்கள்.

1941-ன் ஜீப்பில் நம் லாரிகளில் இருப்பதுபோலப் பட்டை ஸ்பிரிங்தான். அது எடையையும் தாங்கி, ஆக்சிலையும் பிடித்துக்கொள்ளும். அதனால் லிங்க் தேவைப்படவில்லை, ஆனால் அசைவு குறைவு. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. சுருள் ஸ்பிரிங்குக்கு ஆக்சிலைப் பிடிக்கத் தெரியாது, ஆகவே கம்பிகள் வந்தன. கலிபோர்னியாவின் ரூபிகான் பாதையில் 1953 முதல் ஜீப்புகளில் கூட்டமாகப் போய்ப் பாறை ஏறும் விழா நடக்கிறது. அத்தகைய பாறைகளில்தான் நீள லிங்க்குகளின் அருமை தெரிந்தது. 1987-ல் ஜப்பானின் டமியா நிறுவனம் கிளாட் பஸ்டர் என்ற ரிமோட் வண்டியை விற்றது. ஒவ்வொரு ஆக்சிலுக்கும் தனி மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும். ஆர்வலர்கள் அந்த ஆக்சில்களை எடுத்து, சேஸிஸையும் கம்பிகளையும் தாங்களே செய்து கிராலர் ஆக்கினார்கள். பிறகுதான் கம்பெனிகள் கிராலரையே தயாரித்து விற்கத் தொடங்கின.

இனி பிள்ளைகளுக்கு. ஒரு ஆக்சிலுக்குப் பெரும்பாலும் நான்கு லிங்க். கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ் லிங்க் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு கண்ணின் நடுவிலிருந்து மறு கண்ணின் நடு வரை வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். ஒன்று நீண்டால் ஆக்சில் கோணி, வண்டி நண்டு நடை நடக்கும். மேல் லிங்க்குகள் ஆக்சில் சுழலாமல் பிடிப்பவை. அவற்றை V வடிவில் சாய்த்து மாட்டினால் பக்கவாட்டு நகர்வையும் தடுக்கும். அப்போது பனார் ராடு தேவையில்லை.

முன் ஆக்சிலின் மேல் லிங்க்கைக் குறைத்தால் ஆக்சிலின் தலை பின்னால் சாயும். ஸ்டியரிங் நேராக நிற்க அது உதவும். ஆனால் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் சேரும் மூக்கு தாழ்ந்துவிடும், ஷாஃப்டின் மடிப்பு கூடும். ஒன்றைப் பெற இன்னொன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

எவ்வளவு திருக வேண்டும்? 3 மில்லிமீட்டர் மரையில் ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மில்லிமீட்டர். அரைச் சுற்றுக்கு 0.25. ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை என்றிருந்தால் கழற்றாமலே திருகலாம், ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் மாறும். நீளம் போதவில்லை என்று மரையின் கடைசி வரை வெளியே இழுக்காதீர்கள், முதல் கல்லிலேயே பிடுங்கிக்கொள்ளும். எல்லாம் மாட்டியபின் ஷாக்கைக் கழற்றிவிட்டு ஆக்சிலைக் கையால் தூக்கி விடுங்கள். தன் எடையிலேயே விழ வேண்டும். இறுகி நின்றால் எங்கோ ஒரு கண் திமிறுகிறது என்று பொருள்.

இதில் வடிவியல் இருக்கிறது, அளவை இருக்கிறது, காரணகாரியம் இருக்கிறது. தப்பாக மாட்டினால் பாறையே மார்க் போட்டுவிடும், நாம் சிவப்பு மை எடுக்க வேண்டியதில்லை.

என்னிடம் படித்தவர்களில் எஞ்சினியர்கள் இருக்கிறீர்கள். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராக, மெக்கானிக்காக இருப்பவர்களும் இருக்கிறீர்கள். விசேஷ வீடுகளில் "பையன் மெக்கானிக்தானா" என்று கேட்கும் குரல் எனக்கும் காதில் விழுகிறது. அப்படிக் கேட்பவர்களுக்கு வாட்டின் கதையைச் சொல்லுங்கள். கருவி பழுதுபார்த்தவர் கையில் பிறந்த கேள்விக்கு விடை தேடித்தான் ஒரு கணிதமேதை பேனாவை எடுத்தார். இதில் யார் உயர்த்தி, யார் தாழ்த்தி?

பிள்ளைகள் திருகட்டும். திருகியதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எந்த லிங்க், எத்தனை சுற்று, என்ன மாறியது. அது போதும், படிப்பு தானாக வரும்.

பட்டறையில் வேலை செய்யும் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்