மராபி முதல் சிம்பனி வரை: தென்னாப்பிரிக்கப் பெருங்குழு ஜாஸின் வரலாறு

தென்னாப்பிரிக்க ஜாஸ் என்றதும் உலகம் மிரியம் மகேபாவையும் ஹியூ மசகேலாவையும் நினைவுகூர்கிறது. அவர்கள் ஈட்டிய புகழ் நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் இந்த இசை ஒரு நாட்டின் மரபாக நிலைபெற்றதற்கு, இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே பகுதி எழுதிக் கொடுத்த இசைக்கோர்ப்பாளர்களே அடித்தளம். இசைத்தட்டு உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சான அந்தப் பெயர்களை இம்மலரில் முன்வரிசையில் வைப்பது நம் கடமை.

1920களில் தங்கச் சுரங்க நகரமான ஜொஹானஸ்பர்க்குக்குப் பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் டூர்ன்ஃபொன்டைன் போன்ற பகுதிகளின் நெரிசலான குடியிருப்புகளில் தங்கினார்கள். பெண்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி மது காய்ச்சி விற்ற ஷெபீன் வீடுகளில் வாரக் கடைசி முழுவதும் ஓர் இசை ஒலித்தது. அதுதான் மராபி. பழைய பியானோ அல்லது காலால் மிதிக்கும் ஆர்கன் ஒன்று; தாளத்துக்குக் கூழாங்கல் போட்டுக் குலுக்கும் தகர டப்பா. மூன்றே ஸ்வரக்கூட்டுகள் சுற்றிச் சுற்றி வரும். ஆடுகிறவர்கள் ஓயும்வரை ஓயாது. கௌரவம் பார்த்த குடும்பங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுதிவைக்கவும் யாரும் முன்வரவில்லை.

1930களில் இரண்டு பெருங்குழுக்கள் (பிக் பேண்ட்) எழுந்தன. பீட்டர் ரெசன்ட் நடத்திய மெர்ரி பிளாக்பர்ட்ஸ் குழுவினர் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக் கற்றவர்கள். அமெரிக்காவிலிருந்து அச்சாகி வந்த ஸ்விங் இசைத்தாள்களை வாங்கி, பான்டு மென்ஸ் சோஷியல் சென்டர் மண்டபத்தில் குறையின்றி வாசித்தார்கள். சாலமன் ‘ஜூலுபாய்’ செலே 1935இல் தொடங்கிய ஜாஸ் மேனியாக்ஸ் வேறு வழியில் நடந்தது. மராபிப் பியானோ வாசித்து வளர்ந்த செலே, தன் விரல்கள் அறிந்த அந்தச் சுற்றைச் சாக்ஸபோன் வரிசைக்கு மாற்றினார். ஷெபீனில் பிறந்த இசை ஒரு பெருங்குழுவின் குரலைப் பெற்றது அப்போதுதான். இன்றுவரை நடக்கும் எல்லா முயற்சிகளுக்கும் அதுவே பிள்ளையார் சுழி.

அந்த மாற்றம் நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இவ்வாத்தியக்காரர்களில் பலர் மிஷன் பள்ளிகளில் சொல்ஃபா முறையில் நான்கு குரலாகத் தேவாலயப் பாட்டுப் பாடிப் பழகியவர்கள். ஆகவே ஒரு மெட்டு கிடைத்ததும் சாக்ஸபோன்களைப் பாடற்குழுவாகவே பாவித்தார்கள்: மேல்குரல் ஆல்ட்டோவுக்கு, நடுக்குரல்கள் டெனர்களுக்கு. இவர்கள் கேட்க, ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் மறுமொழி சொல்லும். அமெரிக்கப் பெருங்குழுக்களிடமும் இந்தக் கேள்வி-பதில் உண்டு. ஆனால் இங்கே அடியில் நகரும் மூன்று ஸ்வரக்கூட்டுகளும், மேலே நிற்கும் தேவாலய இணைகுரலும் சேர்ந்து, கேட்ட கணத்திலேயே எந்த நாட்டுச் சரக்கு என்று சொல்லிவிடும்.

அன்று இசைக்கலைஞராக வாழ்வது எளிதன்று. இரவில் வெளியே நடமாடக் கறுப்பினத்தவருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வீடு திரும்ப வண்டியும் கிடையாது. அதனால் எட்டு மணிக்குக் கச்சேரி தொடங்கும். நள்ளிரவில் நடனம் ஆரம்பித்து விடிகாலை நான்கு மணிவரை நீளும். எட்டு மணி நேரம் வாசித்த கையோடு பலர் பகல் வேலைக்குப் போனார்கள். 1944இல் செலே கொலையுண்டார். வில்சன் ‘கிங் ஃபோர்ஸ்’ சில்கீ பொறுப்பேற்று ஜாஸ் மேனியாக்ஸைத் தாங்கிப் பிடித்தார். மெக்கே டவாஷேயும் சாக்ஸ் நிகோசியும் அக்குழுவில் தேர்ந்தவர்களே.

1950களில் ஜொஹானஸ்பர்க்கின் சோஃபியாடவுன் இந்த இசையின் தாய்வீடாக இருந்தது. 1955 பிப்ரவரி 9 அன்று ஆயுதமேந்திய காவலர் புடைசூழ நிறவெறி அரசு அந்த ஊரைக் காலிசெய்யத் தொடங்கியது. மக்களை லாரிகளில் ஏற்றி மெடோலாண்ட்ஸில் இறக்கிவிட்டார்கள். அரங்குகள் போயின, வாத்தியக்காரர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். பதினைந்து பேர் கூடி ஒத்திகை பார்ப்பதே அரிதாயிற்று.

அந்த இடிபாட்டுக்கிடையில்தான் டாட் மட்ஷிகிசா எழுந்தார். குவீன்ஸ்டவுனில் பிறந்த பியானோக் கலைஞர். ‘டிரம்’ இதழின் எழுத்தாளர். பாடற்குழு இசையும் ஜாஸும் ஒருங்கே கைவந்தவர். குத்துச்சண்டை வீரர் எசக்கியல் லாமினியின் வாழ்வைச் சொல்லும் ‘கிங் காங்’ ஜாஸ் நாடகத்துக்கு அவர் இசையமைத்தார். கிப்பி முகெட்சி, மெக்கே டவாஷே, சோல் கிளாஸ்டே, ஸ்டான்லி கிளாசர் ஆகியோர் அதை வாத்தியக் குழுவுக்குக் கோர்த்தனர். 1959 பிப்ரவரி 2 அன்று விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகப் பேரரங்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து அதைக் கேட்டனர். 1961இல் அது லண்டன் மேடையேறியது. நாட்டைவிட்டுச் சென்றிருந்த மட்ஷிகிசா தாய்நாடு திரும்பி வாழும் பேறு பெறாமல் 1968இல் லுசாகாவில் காலமானார்.

ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று காவலர் சுட்டு 69 பேர் மாண்டனர். கூட்டம் கூடுவதே குற்றமான அந்த ஆண்டுகளில் 1963இன் பெருங்குழு பிறந்தது ஓர் அற்புதம். ஒர்லாண்டோ விளையாட்டரங்கில் நடந்த ஜாஸ் விழாவை ஒட்டி, கிறிஸ் மெக்ரெகர் நாட்டின் தலைசிறந்த வாத்தியக்காரர்களில் பதினேழு பேர் கொண்ட குழுவைக் கூட்டினார். மெக்ரெகர் வெள்ளையர், ட்ரான்ஸ்கெயில் மிஷன் பள்ளி ஆசிரியரின் மகனாக வளர்ந்து, கோசா மக்களின் பாட்டைக் காதாரக் கேட்டவர். முகெட்சியும் பியானோக் கலைஞர் டாலர் பிராண்டும் இயற்றிய மெட்டுகளை அவர் பதினேழு பேருக்கும் பங்கிட்டு எழுதினார். ‘ஜாஸ்: தி ஆஃப்ரிக்கன் சவுண்ட்’ என்ற இசைத்தட்டு அதன் சாட்சி. பணமின்றிக் குழு விரைவில் கலைந்தது. ஆனாலும் நம் நாட்டு மெட்டுகளை நம் நாட்டவரே பெருங்குழுவுக்கு எழுதி, வாசித்து, பதிந்து காட்டிய அந்த ஒரு தட்டுக்கு ஈடாக இன்னொன்றை இந்த எழுத்தாளரால் சொல்ல முடியவில்லை.

1964இல் மெக்ரெகரும் டுடு புக்வானா, மொங்கெசி ஃபேசா, ஜானி டியானி, லூயிஸ் மொஹோலோ, நிக் மொயாகே ஆகியோரும் புளூ நோட்ஸ் என்ற பெயரில் பிரான்சின் ஆன்டீப் விழாவுக்குப் புறப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நாடுகடந்த வாழ்வாயிற்று. லண்டனில் மெக்ரெகர் அமைத்த பிரதர்ஹுட் ஆஃப் பிரெத் பெருங்குழுவின் முதல் இசைத்தட்டு 1971இல் வந்தது. அதில் டவாஷேயின் மெட்டும் இருந்தது. புக்வானாவின் ‘ம்ரா’வும் இருந்தது. ம்ரா என்பது 1963 குழுவில் வாசித்த மூத்த சாக்ஸபோன் கலைஞர் கிறிஸ்டோபர் கொலம்பஸ் நுசுகானாவின் செல்லப்பெயர். ஊரிலிருந்த அண்ணனின் பெயரை ஆங்கிலேய வாத்தியக்காரர்கள் கையாலும் ஒலிக்கச் செய்தார்கள் பிரிந்து போன தம்பிகள்.

தாய்மண்ணிலும் விளக்கு அணையவில்லை. டர்பனில் பம்பி நாயுடுவின் குட்வில் லவுஞ்ச் ஜாஸ் கலைஞர்களுக்கு அடைக்கலமாக இருந்தது. லயனல் பிள்ளையின் பியானோ நம் இந்திய வம்சாவளியினரின் பங்கைப் பதிவுசெய்தது. அதே டர்பனில், நாட்டால் பல்கலைக்கழகத்தில் டேரியஸ் புருபெக் 1983இல் ஜாஸ் படிப்பைத் தொடங்கினார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் அதுவே முதலாவது. ஜொஹானஸ்பர்க்கில் 1950களின் மூத்த சாக்ஸபோன் கலைஞர் நிடெமி பிலிசோ, ஒதுங்கியிருந்த முதியவர்களையும் இளைஞர்களையும் சேர்த்து ஆஃப்ரிக்கன் ஜாஸ் பயனியர்ஸை அமைத்தார். 1991இல் அவர்கள் மொந்த்ரோ ஜாஸ் விழா மேடையில் மராபியை முழங்கினார்கள்.

1990இல் மெக்ரெகரும் புக்வானாவும் அடுத்தடுத்து மறைந்தனர். ஃபேசாவும் டியானியும் முன்பே போய்விட்டிருந்தனர். எஞ்சிய மொஹோலோ, தோழர்களின் மெட்டுகளைக் காக்க லண்டனில் டெடிகேஷன் ஆர்கெஸ்ட்ராவைத் திரட்டினார். கென்னி வீலர், கீத் டிப்பெட், ஜாங்கோ பேட்ஸ் முதலியோர் கோர்ப்பு எழுதினார்கள். 1992இலும் 1994இலும் இசைத்தட்டுகள் வந்தன.

டாலர் பிராண்டாக இருந்து அப்துல்லா இப்ராஹிமான கேப் டவுன் மேதை, மண்டேலா 1994இல் பதவியேற்றபோது வாசித்தார். பின்னர் அவர் மெட்டுகள் இன்னும் பெரிய அவைகளுக்குச் சென்றன. சுவிட்சர்லாந்தின் டேனியல் ஷ்னைடர் அவற்றை நரம்பிசைக்குக் கோர்த்தார். ‘ஆஃப்ரிக்கன் சிம்பனி’யை மியூனிக் வானொலி இசைக்குழு வாசித்தது. ஹாம்பர்க் வானொலியின் பெருங்குழுவோடு ‘ஏகப்பா லொடுமோ’வும், ஸ்டீவ் கிரேயின் கோர்ப்பில் கொலோன் வானொலிப் பெருங்குழுவோடு ‘பொம்பெல்லா’வும் உருவாயின. முடிவே இல்லாமல் சுழலும் மெட்டை வயலின்காரர்கள் கையில் கொடுப்பது சாதாரண வேலையன்று. எத்தனை சுற்று, எங்கே ஏற்றம், எங்கே நிறுத்தம் என்பதெல்லாம் தாளில் இருந்தாக வேண்டும். சுற்று சுற்றாகவே இருக்க, மேலே வண்ணம் மட்டும் மாறும்படி எழுதியதே அக்கோர்ப்புகளின் வெற்றி.

அண்மைப் பத்தாண்டுகளில் அந்தத் தாள்கள் இளையவர் கைக்கு வந்திருக்கின்றன. ட்ரம்பெட் கலைஞர் மார்க்கஸ் வயட், புளூ நோட்ஸ் ட்ரிபியூட் ஆர்கெஸ்ட்ராவை அமைத்து, நாடுகடந்து போன மெட்டுகளைத் தென்னாப்பிரிக்க வாத்தியக்காரர்களைக் கொண்டே வாசிக்கச் செய்தார். மகாண்டா நகரின் ஆண்டு விழாவில் தேசிய இளையோர் ஜாஸ் குழு ஒவ்வோர் ஆண்டும் மேடையேறுகிறது. கேப் டவுனில் சிறுவர்களுக்கென்று உருவான லிட்டில் ஜயன்ட்ஸ் குழுவை நிறுவியவர்களில் ஒருவர் எஸ்ரா நுசுகானா, ம்ராவின் மகன்.