தில்லி தேடிய தண்ணீர்

யமுனைக் கரையில் வாழ்கிறோம் என்று ஊரிலுள்ள உறவினர்க்கு நாம் எழுதுகிறோம். ஆயினும் நம் குடத்தில் நிறையும் நீரின் பெரும்பகுதி அரியானா மாநிலத்துக் கால்வாய்களின் வழியே வருவது. ஒரு பங்கு கங்கையினின்று வருவது. தலைநகர் பிறர் நீரை நம்பியிருப்பது எப்பொழுது தொடங்கிற்று?

பழைய தில்லிச் சுல்தான்கள் மழையை நம்பினர். இல்துத்மிஷ் 1230-இல் மெஹ்ரௌலியில் ஒரு பெருங்குளம் வெட்டினார். அலாவுதீன் கில்ஜி தம் சிரி நகருக்காக மற்றொன்று வெட்டினார். இன்று ஹௌஸ் காஸ் என நாம் அழைப்பது அதுவே. அரை நூற்றாண்டு கழிந்து பிரோஸ் ஷா துக்ளக் பட்டத்துக்கு வந்தபோது அக்குளம் தூர்ந்து கிடந்தது. குளத்தின் நடுவே மக்கள் பயிர் செய்தனர்; கிணறு தோண்டி நீரை விலைக்கு விற்றனர்! மெஹ்ரௌலிக் குளத்துக்கோ வரத்துக்கால்களையே சிலர் அடைத்துவிட்டிருந்தனர். பிரோஸ் அவர்களைத் தண்டித்துக் கால்களைத் திறந்தார். ஹௌஸ் காஸைத் தூர் வாரினார். புதுக்குளம் வெட்டிப் பெயர் நாட்டுவதினும் இது அரிய செயல் என்பது நம் கருத்து. ஏரியும் கலிங்கும் கண்டு வளர்ந்தோர் இதனை எளிதில் உணர்வர்.

அவரே யமுனையினின்று ஹிசார்ப் பக்கம் கால்வாயும் கொணர்ந்தார். ஷாஜகான் காலத்தில் அலி மர்தான் கான் அதனைத் தில்லிக்கு நீட்ட, சாந்தினி சௌக்கின் நடுவே நீரோடிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அது பாழ்பட்டது. 1820-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் புதுப்பித்தனர்.

குளத்தை விட்டுக் கால்வாயைப் பற்றிய நகருக்குக் கோடையில் இடர்தான். யமுனையில் வெள்ளம் மழைக்காலத்து மூன்று திங்களில் ஓடிவிடும். 1994 மே மாதத்தில் ஐந்து மாநிலங்கள் மேல் யமுனை நீரைப் பங்கிட்டன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,198 கோடி கன மீட்டரில் தில்லிக்குக் கிடைத்தது 72.4 கோடி. பங்கு ஏட்டில் இருந்தால் போதுமா? தேக்கி வைக்க மலையில் அணை வேண்டும்.

அவ்வாறு எண்ணப்பட்டவை மூன்று: யமுனையில் லக்வார், டோன்ஸ் ஆற்றில் கிசாவ், கிரி ஆற்றில் ரேணுகா. பரசுராமரின் தாயார் பெயரையே கடைசி அணை தாங்குகிறது. படைவீட்டு ரேணுகாம்பாளை வணங்கும் நம்மவர்க்கு அது அயற்பெயரன்று. 148 மீட்டர் உயரமுள்ள இவ்வணை முடிந்தால் தில்லிக்கு விநாடிக்கு 23 கன மீட்டர் நீர் தர வேண்டும் என்பது திட்டம். லக்வாரின் உயரம் 204 மீட்டர். மேட்டூரைப்போல் மும்மடங்குக்கு மேல். 1976-இல் ஒப்புதல் பெற்ற அப்பணி 1992-இல் நின்றது. ஆறு மாநிலங்கள் மீண்டும் உடன்பட 2018 ஆகஸ்ட் வரை காத்திருக்க நேர்ந்தது. ரேணுகா உடன்படிக்கை 2019 ஜனவரியில் கையொப்பமாயிற்று.

நீர் தேங்குமிடத்தில் ஊரும் இருக்குமன்றோ? மேட்டூரில் நீர் தாழும்போது பண்ணவாடியில் நந்தியும் மாதா கோயிற் கோபுரமும் தலைகாட்டுவதை நம்மில் பலர் கண்டதுண்டு. லக்வாருக்குக் கீழே அதன் துணைத்திட்டமான வியாசி அணையில் 2022 ஏப்ரலில் நீர் ஏறியபோது லோஹாரி என்னும் மலைச்சிற்றூர் மூழ்கிற்று. மேட்டில் நின்ற அவ்வூரார் தம் வீடுகளும் வயல்களும் ஒவ்வொன்றாய் மறைவதைக் கண்ணீருடன் பார்த்திருந்தனர்.