குரோமாட்டினும் மேனியும்

தொல்காப்பிய உரியியல் 'குரு' என்ற சொல்லுக்கு நிறம் என்று பொருள் சொல்கிறது. ஆகவே கிரேக்கரின் 'குரோமா' நம் குருவிலிருந்து போனதே என்று முழங்குவோர் இருக்கிறார்கள். ஒலி ஒத்தால் உறவாகிவிடாது. குரோமாவுக்கு அதன் வீட்டிலேயே தாய்ச்சொல் உண்டு: 'குரோஸ்'. தோல், உடம்பின் மேற்புறம் என்று பொருள். மேற்புறத்தைக் குறித்த சொல் மேற்புறத்தின் வண்ணத்துக்கு நகர்ந்தது. இதற்குத் தமிழில் இணை தேடுகிறவர் குருவை விட்டு மேனியிடம் வர வேண்டும். மேனி உடம்பு, மேனியே நிறமும். மாந்தளிர் மேனி என்னும்போது இரண்டையும் பிரிக்க முடியுமா? 'நிறம்' என்ற சொல்லிலும் இதே இணைப்பைக் காணலாம்: புறப்பாடல்களில் வேல் பாயும் நிறம் மார்பு.

அடுத்த பிழை பாடக்குறிப்புகளில் உலவுவது: கண்ணுக்கும் தோலுக்கும் நிறம் தருவதால் செல் உட்கருவிலுள்ள பொருளுக்குக் குரோமாவிலிருந்து குரோமாட்டின் என்று பெயராம். அது நிறம் தருவதன்று, நிறம் ஏற்பது. ஜெர்மனியின் கீல் நகரில் வால்தர் ஃபிளெம்மிங் சலமந்தர் இளவுயிரிகளின் செல்களுக்கு அனிலின் சாயம் ஏற்றிப் பார்த்தார். உட்கருவில் ஒரு பொருள் மட்டும் சாயத்தை அழுத்தமாகப் பிடித்தது. அதன் வேதியியல் தெரியும்வரை இந்தப் பெயர் நிற்கட்டும் என்பதே 1882-இல் வெளியான நூலில் அவர் நிலை. செல் பிரியும்போது அப்பொருள் திரளும் இழைகளை 1888-இல் வால்டயர் குரோமோசோம் என்றார். ஈழத்தார் அதை நிறமூர்த்தம் என்றனர். நிறப்புரி என்பாரும் உண்டு. மூர்த்தம் 'சோமா' என்ற உடலுக்கு நேர். புரி வடிவத்தைப் பார்த்து வைத்தது. 1928-இல் எமில் ஹைட்ஸ், செல் பிரிந்து முடிந்த பின்னும் தளராமல் அடர்ந்து சாயம் பிடிக்கும் பகுதிகளை ஹெட்டிரோகுரோமாட்டின் என்று பிரித்தார்.

அந்த அடர்பகுதியின் வேலையைப் பழ ஈயின் கண் காட்டிக்கொடுத்தது. எக்ஸ் கதிர் பாய்ச்சிய ஈக்களிடையே, சிவந்த கண்ணில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தவற்றை 1930-இல் முல்லர் விவரித்தார். கண்ணின் சிவப்புக்குரிய மரபணு சிதையவில்லை, குரோமோசோம் துண்டு திரும்பி ஒட்டியதால் ஹெட்டிரோகுரோமாட்டினுக்கு அருகே இடம் மாறியிருந்தது. சில செல்களில் அடைபட்டது, சிலவற்றில் இயங்கியது. அந்த மரபணுவின் பெயர் 'ஒயிட்'. சிவப்புக்குத் துணைபோவதற்கு வெள்ளை என்று பெயர் வரக் காரணம், 1910-இல் மார்கன் கண்ட வெள்ளைக்கண் ஆண் ஈ. ஈ ஆய்வாளர் மரபணு கெட்டால் தெரிவதைக் கொண்டே பெயரிடுவர்.

'சு-வார் 3-9' என்ற பெயரும் அவ்வழியே வந்தது. அந்த மரபணுவின் ஒரு படி பழுதானால் திட்டுகள் அடங்கிச் சிவப்பு மீளும், எனவே திட்டடக்கி. 3 என்பது மூன்றாம் குரோமோசோம். 9 என்பது லைசின்-9 என்பார் கூற்று பொருந்தாது. பெயர் முந்தியது, லைசின் செய்தி 2000-இல் வியன்னாவில் யெனுவைன் குழுவினர் கண்டது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன்-3 புரதத்தின் வாலில் ஒன்பதாம் லைசின்மீது அந்த மரபணு தரும் நொதி மெத்தில் தொகுதியை ஏற்றுகிறது. அங்கே அசெட்டைல் ஒட்டியிருந்தால் மெத்திலுக்கு இடமில்லை. அதைக் கழற்ற வேறொரு நொதி உண்டு. ஏறிய மெத்திலை எச்.பி.-1 புரதம் பற்றுகிறது, நொதியை மறுபடி வரவழைக்கிறது, அடைப்பு பக்கத்து ஹிஸ்டோன்களுக்குப் பரவுகிறது. ஒயிட் மரபணுவரை பரவினால் அந்தச் செல்லின் வழிவந்த கண்பகுதி வெளுக்கும். எதிர்த்தரப்பில் டிரைதொராக்ஸ் நொதி நான்காம் லைசினில் மெத்தில் ஏற்றி, இயங்கும் மரபணுக்களை இயங்கும் நிலையிலேயே வைக்கிறது. அதே மெத்தில், இடம் மாறினால் விளைவு மாறும். மனித நொதியின் பெயரிலுள்ள 'சுவ்-39' ஈயின் திட்டடக்கியிலிருந்து வந்ததே. தமிழ்-கிரேக்க உறவுக்குக் குரு-குரோமா ஒப்புமை தருவதைவிட, ஈயோடு நமக்குள்ள உறவுக்கு இது உறுதியான சான்று.

இந்த நொதிகள் எதுவும் டி.என்.ஏ.வின் எழுத்தைத் திருத்துவதில்லை. ஹிஸ்டோனின் மேற்புறத்தில் ஏற்றுகின்றன, இறக்குகின்றன. எது இயங்கும், எது அடங்கும் என்பது அங்கே தீர்மானமாகிறது. குரோஸ் என்ற தாய்ச்சொல் சொன்னதும் மேற்புறத்தைத்தான். ஃபிளெம்மிங் தற்காலிகமாக வைத்த பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. தமிழில் நிறத்தோடு நின்றவர்கள் பாதி வழியில் நின்றவர்கள். குரோமாட்டினை 'மரபுமேனி' என்பதே தகும் என்பது என் துணிபு.