அடுப்பு மூட்டாத விருந்தும் தண்ணீர்ப் பந்தலும்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் மோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோடை விடுமுறை வந்தாலே வீட்டுக்கு உறவினர் வருவார்கள். இந்த வெயிலில் அடுப்படியில் நின்று வேகாமல் அவர்களுக்கு என்ன கொடுப்பது? நம் முன்னோர் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். ஸ்ரீராம நவமி அன்று படைப்பதைப் பாருங்கள்: பானகம், நீர்மோர், வடைப்பருப்பு. மூன்றுக்கும் அடுப்பே வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலுக்கு ஏற்ற விருந்து.

இந்த மூன்றுக்குள்ளும் பெரிய வரலாறு இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மோர். சங்க இலக்கியத்தில் மோருக்கு 'அளை' என்று ஒரு பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்குலப் பெண் வருகிறாள். விடியற்காலையில் எழுந்து தயிர் கடைகிறாள். மோரை விற்றுக் கிடைத்ததில் தன் சுற்றத்தார்க்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தாலும் வாங்குவதில்லை. எருமையும் பசுவுமாக வாங்கிக்கொள்கிறாள். அன்றைக்கே மோர் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய தொழில்.

அந்த மோரில் இன்று நாம் சேர்க்கும் பச்சை மிளகாயை அவள் கண்டதில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததைத் தொடர்ந்து போர்த்துக்கீசியர் வழியாக நமக்கு வந்தது. அதுவரை நம் காரம் மிளகுதான். புதிதாக வந்த காய் மிளகைப் போலக் காரமாக இருந்ததால் அதற்கு 'மிளகாய்' என்றே பெயர் வைத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம். பெருங்காயமும் அப்படித்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் செடியின் பிசின் அது. நம் நாட்டில் அதைப் பயிரிடும் முயற்சியே 2020-ல்தான் இமாச்சலப் பிரதேசத்தில் தொடங்கியது.

அடுத்து பானகம். இதில் ஏலக்காய் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை. வெல்லத்துக்கு மூலமான கரும்பு? அதியமானின் முன்னோர்தான் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கரும்பு வெளியிலிருந்து வந்தது என்பதை நம் பழம்பாட்டே மறைக்காமல் சொல்கிறது. பொங்கலன்று கரும்பில்லாத வீடு உண்டா?

வடைப்பருப்பில் உள்ள பாசிப்பயறும் வெள்ளரியும் மாங்காயும் இந்தியாவிலேயே தோன்றியவை. ஆக, இந்தச் சிறிய விருந்தில் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் ஒரே இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு வந்தவர்களும் உண்டு. 1840-களில் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஏரிப் பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். அதைச் சேமித்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். நாம் 'நம்ம ஊர் சரக்கு' என்று நினைக்கும் கோலி சோடாவின் பாட்டில்கூட, ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்றது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

கோடையில் விருந்து என்பது வீட்டுக்குள் மட்டும் நடந்ததில்லை. வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பது பெரிய அறம். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தண்ணீர்ப் பந்தலுக்கு விட்ட கொடைகள் உண்டு. பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகளைப் படித்திருப்பீர்கள். அவர் அந்தணர். தாம் நேரில் பார்த்தேயிராத, வேளாளர் குலத்தில் பிறந்த திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அந்த வழியே வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அவர் வீட்டைத் தேடிப் போனார். அங்கே அவருக்கு விருந்து நடந்தது. பந்தலுக்குப் பெயர் வைத்தபோதும் இலை போட்டபோதும் அப்பூதியடிகள் குலம் பார்க்கவில்லை.

ஆனால் எல்லாப் பந்தலும் திங்களூர்ப் பந்தலாக இருந்ததா? இல்லை. சிலருக்குக் குவளையில் கொடுத்தோம், சிலருக்குக் கொட்டாங்குச்சியில் கொடுத்தோம், சிலருக்குக் கையை ஏந்தச் சொல்லித் தூர நின்று ஊற்றினோம். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பிறகும் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த மிளகாயை 500 வருடத்துக்குள் சாமிக்குப் படைக்கும் மோரிலேயே சேர்த்துவிட்டோம். இதே மண்ணில் பிறந்து, வயலில் நமக்காக வேர்வை சிந்திய மனிதரை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். நம் சமையலுக்கு இருந்த பெருந்தன்மை நம் மனசுக்கு இல்லாமல் போனது. கோடை உணவின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வரலாறுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

பானகம்: பொடித்த வெல்லம் ஒரு டம்ளருக்குத் தண்ணீர் நாலு டம்ளர். கரைத்து வடிகட்டி, சுக்குப்பொடி அரை ஸ்பூன், தட்டிய ஏலக்காய் இரண்டு, எலுமிச்சை அரை மூடி. மண்பானையில் வைத்தால் ஐஸ் தேவையில்லை.

நீர்மோர்: புளிக்காத தயிர் ஒரு டம்ளருக்குத் தண்ணீர் மூன்று டம்ளர். நன்றாகக் கடைந்து உப்பு, தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை, ஒரு சிட்டிகை பெருங்காயம்.

வடைப்பருப்பு: பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நறுக்கிய வெள்ளரி, மாங்காய், தேங்காய்த் துருவல், உப்பு. தாளிப்பது உங்கள் விருப்பம்.

எல்லாம் சேர்த்துக் கால் மணி நேர வேலைதான், ஊறும் நேரம் நீங்கலாக. உறவினருக்குக் கொடுக்கும்போது, குப்பை வண்டி கொண்டுவரும் அம்மாவுக்கும் சிலிண்டர் தூக்கி வரும் தம்பிக்கும் ஒரு டம்ளர் ஊற்றுங்கள். வீட்டில் எல்லோரும் குடிக்கும் அதே டம்ளரில், உள்ளே உட்காரச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் தண்ணீர்ப் பந்தல் யார் வைத்தார்கள், அங்கே என்ன கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.