அட்டவணையின் வடக்கு முனை

1949 ஜனவரி 30-இல் இந்தியாவில் தொடங்கிய இரவுத் தபால் விமானச் சேவையை ஃப்ளைட் சிமுலேட்டரில் மறுபடி ஓட்டிப் பார்க்க விரும்புபவருக்கு, வேலை எளிது என்றுதான் முதலில் தோன்றும். சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நாக்பூரில் கூடும். அங்கே தபால் பைகளை மாற்றிக்கொண்டு, பொழுது விடியும் வேளையில் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். ஓட்டியது பெரும்பாலும் டகோட்டா. அந்த விமானம் மைக்ரோசாப்ட் சிமுலேட்டரின் 2003-இல் வெளிவந்த பதிப்பிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயர்களையும் புறப்படும் நேரத்தையும் எழுதிவிட்டால் கணினித் திரையில் நான்கு விமானங்களும் பறந்துவிடும். ஆனால் அப்படிப் பறப்பது அந்தச் சேவை ஆகாது. ஏன் அந்த நேரம், ஏன் அந்த ஊர் என்ற கேள்விகளுக்கு வானத்தில் விடை கிடையாது. பழைய விமான அட்டவணை ஒவ்வொன்றும் தரையில் போட்ட கணக்கு. அதைத் தரையிலிருந்துதான் படிக்க வேண்டும் என்பது என் வாதம். சென்னையைப் பொறுத்தவரை அந்தத் தரை மீனம்பாக்கத்தோடு முடிந்துவிடவில்லை. அதன் மறுமுனை வடக்கே, ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருந்தது.

இரவுத் தபாலையே எடுத்துக்கொள்வோம். நேர்கோட்டில் அளந்தால் நாக்பூரிலிருந்து கல்கத்தா ஏறத்தாழ 980 கிலோமீட்டர், சென்னை 900-க்குச் சற்று மேல், தில்லி 850, பம்பாய் 680. டகோட்டா மணிக்கு 260 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், சென்னை விமானத்துக்கு மூன்றரை மணி நேரம் பிடிக்கும். பம்பாய் விமானத்துக்கு இரண்டரை மணிக்குச் சற்றே கூடுதல். நான்கும் ஒரே நேரத்தில் நாக்பூரில் இறங்கினால்தான் பை மாற்ற முடியும். அதனால் சென்னை விமானம் பம்பாய் விமானத்தைவிட முக்கால் மணிக்கும் மேல் முந்திக் கிளம்பியாக வேண்டும். இந்த வித்தியாசம் விமானிக்குப் பெரிதில்லை, கடிதம் எழுதுபவருக்குப் பெரிது. பாரி முனையில் ஒரு கம்பெனிக் குமாஸ்தா, பம்பாயில் அதே வேலையில் இருப்பவரைவிட அவ்வளவு நேரம் முன்னதாகக் கடிதத்தை முடித்து ஒட்ட வேண்டும். ஏனென்றால் ராஜாஜி சாலையில் 1884-இலிருந்து நிற்கும் ஜி.பி.ஓ.வில் பை கட்டிய பிறகுதான் அது நகரத்தின் தென்கோடி வரை வண்டியில் போக முடியும். 1949 ஏப்ரல் முதல், விமானத்தில் போனால் சீக்கிரம் சேரும் என்கிற சாதாரணக் கடிதத்தையும் கூடுதல் கட்டணமில்லாமல் விமானத்தில் ஏற்றினார்கள். துறைமுகத்துச் சரக்குக் கணக்கு, பின்னி ஆலையின் ஆர்டர், தண்டையார்பேட்டை வீட்டுக் கார்டு எல்லாமே அந்தப் பையில் ஏறும் தகுதி பெற்றன. பகல் முழுக்க எழுதியவை மாலையில் சேர வேண்டும். மறுநாள் காலைத் தபால்காரர் கிளம்புமுன் எதிர்ப்பக்கக் கடிதங்கள் வந்துவிட வேண்டும். இந்த இரண்டு நேரங்களும் அஞ்சலகத்தில் நிர்ணயமானவை. அவற்றுக்கு நடுவே எஞ்சிய இருட்டு விமானத்துக்குக் கிடைத்தது. நாட்டின் நடுவே ஒரே ஊரில் எல்லாப் பைகளையும் கூட்டி மாற்றுவது என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் மெம்பிஸ் நகரில் தொடங்கியது 1973-இல். அதே ஆண்டில்தான் நாக்பூர்ச் சேவை முடிவுக்கு வந்தது.

அடுத்தது கடிகாரம். சிமுலேட்டரில் போக்குவரத்துக் கோப்பு எழுதுபவர் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுத வேண்டும். பழைய அட்டவணையோ தன் காலத்துக் கடிகாரத்தில் பேசும். சென்னை வானாய்வகத்தின் நேரம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கே பொது நேரமாக இருந்தது. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அதன் பிறகும் கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடவில்லை. 1942 முதல் 1945 வரை போர்க்காலத்துக்காக நாடு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். இதையெல்லாம் பார்க்காமல் ஒரு நேரத்தை அப்படியே எழுதினால் என்ன ஆகும்? 1932 அக்டோபர் 15 காலை 6.35-க்கு ஜே.ஆர்.டி. டாட்டா தன் தபால் சேவையின் முதல் விமானத்தில் கராச்சியில் கிளம்பினார். அகமதாபாத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு பிற்பகல் 1.50-க்குப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அந்த 1.50 இந்திய நேரமா, பம்பாய் நேரமா? இரண்டுக்கும் இடையே 39 நிமிடம். அவர் ஓட்டிய புஸ் மாத் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் போகும். 39 நிமிடத்தில் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய முதல் ரயில் வாலாஜா ரோடு வரை போன தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். தவறாகப் படித்தால் விமானம் ஒரு முழு ரயில்பாதை நீளத்துக்கு இடம் மாறி நிற்கும். இங்கேதான் ஓட்டிப் பார்ப்பதன் பயன் தெரிகிறது. கராச்சி–அகமதாபாத்–பம்பாய் வழி சுமார் 1,035 கிலோமீட்டர். பறக்க ஆறரை மணி நேரம். எண்ணெய் நிரப்ப முக்கால் மணி சேர்த்தால் ஏழே கால் மணி நேரம். 6.35-க்கும் 1.50-க்கும் இடையே இருப்பதும் ஏழே கால்தான். இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரத்தில்தான் நேரம் குறித்திருக்கிறார்கள் என்ற பக்கமே கணக்கு சாய்கிறது. காற்றின் வேகம் தெரியாதவரை இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. அட்டவணை என்பது நடக்க வேண்டியதைச் சொல்வது, நடந்ததைச் சொல்வதில்லை. அச்சிட்ட நேரத்தை நம்பி ஓட்டினால் கிடைப்பது கம்பெனியின் ஆசை மட்டுமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஆசையை நடந்ததோடு ஒப்பிடச் சான்றுகள் உண்டு. கராச்சியிலிருந்து சென்னை வரை போன டாட்டா தபால் சேவை முதல் ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடத் தவறாமல் நேரத்துக்கு ஓடியது என்று அரசின் விமானப் போக்குவரத்துத் துறை அறிக்கையே பாராட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலை மழையிலும் சென்னைத் தபால் கராச்சியில் லண்டன் விமானத்தைத் தவறவிட்டதில்லை. அப்போது வழிகாட்ட ரேடியோ இல்லை. மழைக்காலத்தில் ஜுஹு திடல் நீரில் மூழ்கும் என்பதால் பூனாவிலிருந்து ஓட்டினார்கள். அப்படியும் நேரம் தவறவில்லை என்றால், பகல் வெளிச்சத்துக்கும் வழித் தங்கலுக்கும் போதிய இடம் விட்டு அந்த அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கராச்சி–சென்னை சுமார் 1,300 மைல். மணிக்கு 100 மைல் வேகத்தில் 13 மணி நேரம். அக்டோபர் பகலோ 12 மணிக்கும் குறைவு. இரவு எங்கேயாவது தங்கித்தான் ஆக வேண்டும். நடந்ததைக் காட்ட இன்னொரு சான்று கடித உறையின் பின்பக்கம். சேரும் ஊரில் குத்திய முத்திரையில் தேதி இருக்கும், பல நேரங்களில் வேளையும் இருக்கும். எந்தக் கம்பெனியும் திருத்தி எழுத முடியாத சாட்சி அது. தவறிப்போன இரவுகளையும் மறைக்கக் கூடாது. 1953 டிசம்பர் 12 அன்று நாக்பூரில் கிளம்பிய இரவுத் தபால் டகோட்டா சிறிது நேரத்திலேயே விழுந்து 13 பேர் இறந்தார்கள். அட்டவணையில் அன்றைய வரியும் மற்ற நாள் வரியைப் போலத்தான் இருந்தது.

இரண்டாவது மறுப்பு, இது விளையாட்டு என்பது. சிமுலேட்டரில் எண்ணெய் தீராது, தீர்ந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் நிரம்பும். இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் 1932-இன் விமானம் பறக்கும். இது எப்படி வரலாறு ஆகும் என்று கேட்கிறார்கள். என் பதில்: குறை கருவியிடம் இல்லை, கேள்வி கேட்காமல் ஓட்டுவதில் இருக்கிறது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்டவுடனே வட சென்னை கண் முன்னால் வந்து நிற்கும். 1932-இல் அகமதாபாத்தில் பர்மா ஷெல் கம்பெனி நான்கு காலன் டின்களில், மாட்டுவண்டியில்தான் டாட்டாவின் விமானத்துக்கு எண்ணெய் கொண்டுவந்தது. முக்கால் மணி நேரம் ஏன் என்பது அந்த மாட்டுவண்டியைப் பார்த்தால் புரிந்துவிடும். சென்னைக்குப் பெட்ரோலிய எண்ணெய் வந்தது கடல் வழியாக, துறைமுகம் வழியாக. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்டெரித்ததும் துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைத்தான். இன்றும் தண்டையார்பேட்டைச் சாலைகளில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து விமான நிலையம் வரை எரிபொருளுக்கென்றே நிலத்தடிக் குழாய் போகிறது. மாட்டுவண்டி குழாயாக மாறியதால்தான் இன்று ஒரு விமானம் இறங்கிய ஒரு மணிக்குள் மறுபடி கிளம்ப முடிகிறது. விமானத்தின் வேகம் கூடியதை மட்டும் எழுதி, தரையில் நிற்கும் நேரம் குறைந்ததை விட்டுவிடும் விமான வரலாறு பாதி வரலாறுதான். அந்த விடுபட்ட பாதி வடக்கே கிடக்கிறது. அதை யாரும் விமான வரலாறாகப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

1938-இல் டாட்டா தபால் சேவை சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. கொழும்பிலும் ரங்கூனிலும் உறவுகள் இருந்த குடும்பங்கள் வட சென்னையில் ஏராளம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். அந்த வீடுகளின் தகரப் பெட்டிகளில் பழைய கடிதங்கள் இன்னும் இருக்கும். அவற்றைப் பார்க்க நேர்ந்தால் தயவுசெய்து தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உறையை முழுசாக வையுங்கள், திருப்பிப் பாருங்கள். அனுப்பிய ஊரின் முத்திரை முன்பக்கம், சேர்ந்த ஊரின் முத்திரை பின்பக்கம். இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் குறித்து உறையோடு சேர்த்து வைத்தால், அந்த வழியில் தபால் உண்மையில் எத்தனை நாளில் போனது என்பதற்கு அதுவே சான்று.