மொன்றியல் கப்பலும் கடல் ஓநாய்களும்

எங்கட பக்கத்தில ஆராவது கெட்டிக்காரத்தனமா ஒரு வேலை பார்த்தா "அவன் சரியான எம்டன்" எண்டு சொல்லுவினம். 1914 செப்ரெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்குக் குண்டடிச்ச ஜேர்மன் கப்பலின்ர பேர் அது. ஒரே ஒரு கப்பல், ஒரு இரவு. நூறு வருசம் தாண்டியும் சொல் நிக்குது. அடுத்த உலக யுத்தத்தில ஜேர்மன்காரர் கடலில செய்தது அதைவிடப் பல மடங்கு பெரிய வேலை. அதைப் பற்றி இங்க வாற வரைக்கும் நான் யோசிச்சதே இல்லை.

நான் இருக்கிற பியர்பொன்ட்ஸ் மொன்றியல் தீவின்ர வடமேற்குக் கரை. பக்கத்தில ஓடுற ஆறு தீவின்ர கிழக்கு முனையில சென் லோறன்ஸ் ஆற்றோட சேர்ந்து, கியூபெக் தாண்டிக் கடலுக்குப் போகுது. யுத்த காலத்தில கோதுமையும் மரமும் ஆயுதங்களும் இந்த வழியாலதான் இங்கிலாந்துக்குப் போயின. இங்கிலாந்து ஒரு தீவு. சாப்பாட்டில பெரும்பங்கும், எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்கவும் கப்பலில வந்தால்தான் உண்டு. அந்தக் கப்பல்களை மூழ்கடிச்சா சண்டை தானா முடியும் எண்டது ஜேர்மன் நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிற்ஸ் போட்ட கணக்கு.

வணிகக் கப்பல்கள் தனியப் போகாமல், நாற்பது ஐம்பதாகச் சேர்ந்து காவலோட போகும். அதுதான் கொன்வோய். றோட்டில ஆமிக் கொன்வோய் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் புதுசில்லை. இதை உடைக்க டோனிற்ஸ் கண்ட வழிதான் "ஓநாய்க் கூட்டம்". பத்துப் பன்னிரண்டு நீர்மூழ்கிகள் பாதைக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். கொன்வோயைக் கண்ட நீர்மூழ்கி உடனே அடிக்காது. பின்னால தொடர்ந்துகொண்டு தலைமையகத்துக்கு வானொலியில அறிவிக்கும். தலைமையகம் மற்றதுகளையும் அங்கே திருப்பிவிடும். எல்லாம் சேர்ந்த பிறகு இரவில, தண்ணிக்கு மேலாலேயே வந்து அடிக்கும். காவல் கப்பல்களில் இருந்த அஸ்டிக் கருவி (இப்ப சோனார் எண்டுறம்) தண்ணிக்குக் கீழ இருக்கிறதைத்தான் நல்லாகக் கண்டுபிடிக்கும். மேலால வந்தா அது கிட்டத்தட்டக் குருடு. மெதுவான கொன்வோயின் வேகம் ஏழு நொட். மேலால ஓடுற நீர்மூழ்கிக்குப் பதினேழு.

1941 செப்ரெம்பரில் எஸ்.சி. 42 எண்ட கொன்வோய்க்கு நடந்தது இதுதான். நோவா ஸ்கோஷியாவின் சிட்னியில இருந்து அறுபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெளிக்கிட்டன. காவலுக்கு ஸ்கீனா எண்ட ஒரு டிஸ்ட்ரோயரும் மூன்று சிறிய கோர்வெற் கப்பல்களும் மட்டும். கிறீன்லாந்துக்குக் கிட்ட "மார்க்கிராவ்" எண்ட ஓநாய்க் கூட்டம் பிடிச்சுது. மியூனெரிக் எண்ட கப்பல் இரும்புத் தாது ஏற்றிப் போனது. அடி விழுந்ததும் கல்லு மாதிரித் தாண்டு போச்சு, ஒருத்தரும் தப்பேல்லை. தண்ணியில கிடக்கிற ஆக்களைத் தூக்குறதா, நீர்மூழ்கியைத் துரத்துறதா? நாலு காவல் கப்பலை வைச்சுக்கொண்டு இரண்டையும் செய்யேலாது.

செப்ரெம்பர் 10 இரவு உதவிக்கு வந்த இரண்டு கோர்வெற்களில் ஒன்றின் பேர் ஷாம்ப்ளி. மொன்றியலில, கனேடியன் விக்கர்ஸ் தளத்தில கட்டினது. அது போட்ட ஆழக் குண்டுகளில யூ-501 மேல வந்திட்டுது. அதின்ர கப்ரன் தன்ர ஆக்களை விட்டிட்டு, பக்கத்தில வந்த மூஸ் ஜோ கப்பலுக்குப் பாய்ஞ்சு ஏறினாராம்! நீர்மூழ்கிக்குள்ள இறங்கிப் பார்க்கப் போன கனடியர் ஒருவர் அதோட சேர்ந்து தாண்டு போனார். கனடியக் கடற்படை மூழ்கடிச்ச முதல் யூ-போட்டுகளில் இது ஒன்று. ஆனா கொன்வோய் இழந்த வணிகக் கப்பல்கள் பதினாறு. இதை வெற்றி எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

அடுத்த வருசம் யூ-போட்டுகள் சென் லோறன்சுக்குள்ளயே வந்திட்டுதுகள். 1942 மே மாதம் முதல் மூழ்கின நிக்கோயா மொன்றியலில இருந்து போன கப்பல். அக்ரோபரில கரிபூ எண்ட பயணிகள் கப்பலையும் அடிச்சினம். செத்தது 136 பேர், அதில குழந்தைகளும் இருந்தார்கள்.

1943 மே மாதத்தோட கணக்கு மாறிச்சுது. நீர்மூழ்கி அனுப்புற வானொலிச் செய்தியே அது இருக்கிற திசையைக் காட்டிக் கொடுத்தது. றேடாரும் நீண்ட தூரம் பறக்கிற விமானங்களும் வந்தன. ஜேர்மன் இரகசியக் குறியீட்டையும் உடைச்சிட்டினம். அந்த ஒரு மாதத்தில ஜேர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. டோனிற்ஸ் மிச்சத்தை வட அத்திலாந்திக்கிலிருந்து பின்வாங்கினார். கூட்டமா வேட்டையாட ஓயாமல் கதைக்க வேண்டியிருந்தது, அந்தக் கதையே ஆளைக் காட்டிக் குடுத்திட்டுது.

எனக்குப் பெரிசாப் படுறது வேற. வணிகக் கப்பலில போனவர்கள் படைவீரர் இல்லை, கூலிக்கு வேலை செய்தவர்கள். யுத்தத்தில 1,600-க்கு மேற்பட்ட கனடிய வணிக மாலுமிகள் செத்தார்கள். மிஞ்சினவர்களுக்குப் படைவீரருக்குச் சமமான உரிமை தர கனடாவுக்கு 1992 வரைக்கும் பிடிச்சுது. நட்டஈடு 2000ஆம் ஆண்டில. அதுக்குள்ள எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பினம்?

இந்திய மாலுமிகளின் கதை இன்னும் மோசம். யுத்தத்துக்கு முன் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் நாலில் ஒருவர் இந்தியர். "லஸ்கர்" எண்டு பேர். கனபேருக்கு அடித்தட்டில, கொதிகலனுக்குப் பக்கத்தில வேலை. ரோப்பிடோ விழுந்தா முதல் தண்ணி வாறதும் அங்கதான். வெள்ளைக்காரருக்குக் குடுத்த சம்பளத்தின் ஒரு சிறு பங்குதான் இவர்களுக்கு. 1939இல் வேலைநிறுத்தம் செய்துதான் கொஞ்சம் கூட்டி வாங்கினார்கள், அதுக்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. யுத்தம் முடியேக்க 6,000-க்கு மேல் செத்திருந்தார்கள்.

வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்துக்குப் போனது. அடுத்த வருசமே அந்தக் கடல் யுத்தக் களமாச்சு. எங்கட கரையோரத்து ஆக்கள் ஆராவது அந்தக் கொன்வோய்களில் போயிருந்தால் அவர்கள் வீட்டில ஒரு கதை இருக்கும். உங்கட வீட்டில அப்பிடி ஒரு கதை இருந்தால், சொல்லக்கூடிய ஆள் இருக்கேக்கயே கேட்டு எழுதி வையுங்கோ. அடிச்ச கப்பலுக்கு எங்கட மொழியில பேர் இருக்கு. அடிவாங்கினவையின்ர பேரும் கொஞ்சம் இருக்கட்டும்.