யவனர் காசில் எழுதியது என்ன?

நம் குடியிருப்பில் பழம்பெருமை பேசத் தொடங்கினால் யவனர் வாணிகம் தவறாது இடம்பெறும். யவனர் கொணர்ந்த காசில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டாலோ, பெரியவர்கள் விழிப்போம். நானும் அவ்வாறு விழித்தவனே. அதன் பின்னரே எழும்பூர் அருங்காட்சியகம் சென்றும் சில நூல்களைப் புரட்டியும் சிறிது கற்றேன்.

கோவை வட்டாரத்தில் பெருவாரியாகக் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் ஒன்றைப் பார்ப்போம். ஒருபுறம் வாகைமாலை சூடிய அகஸ்தஸ் பேரரசரின் தலை. மறுபுறம் இரு இளைஞர் நிற்கின்றனர். அவர்களிடையே கேடயங்களும் ஈட்டிகளும். அவற்றிற்கு மேலே ஓர் அகப்பையும் நுனி சுருண்ட கோலும். இவ்விரண்டும் உரோமக் குருமாரின் சடங்குக் கருவிகள். இளைஞர்கள் கேயஸ், லூசியஸ் என்போர். பேரரசரின் மகள் வயிற்றுப் பேரர்கள், அவராலேயே மகன்களாகச் சுவீகரிக்கப்பட்டவர்கள். அகப்பை கேயஸின் குருப்பதவியையும், கோல் லூசியஸின் நிமித்தம் பார்க்கும் பதவியையும் குறிக்கும். பெயர்கள் 'சி', 'எல்' என்று ஓரெழுத்தாய்ச் சுருங்கியுள்ளன. 'எஃப்' என்றால் மகன். சரக்கு வண்டிகளின் மேலுள்ள சுருக்கெழுத்துகளோடு காலந்தள்ளும் எனக்கு இது மட்டும் எளிதாயிற்று!

'எனக்குப் பின் இவர்களே' என்று உலகுக்கு அறிவித்த காசு அது. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் கேயஸ் கி.பி. 4இலும் மாண்டனர். அரியணை ஏறியவர் தைபீரியஸ். செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி ஒரு மாது அமர்ந்திருக்கும் அவருடைய காசும் நம் மண்ணில் ஏராளம்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் மிகப்பலவற்றில் அரசன் முகத்தின் மீது உளிவெட்டு உள்ளது. அந்நிய அரசனை நம்மவர் அவமதித்த வீரம் இது என்று சிலர் மார்தட்டுவர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மீண்டும் காசாகப் புழங்காமல் வெறும் பொன்னாக எடை போடுவதற்கே வெட்டினர் என்னும் அறிஞர் கருத்தே பொருந்துகிறது. கி.பி. 64இல் நீரோ மன்னன் வெள்ளிக் காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். அதன் பிற்பட்ட வெள்ளிக் காசுகள் தமிழகப் புதையல்களில் மிக அரிது. நம் வணிகர் உருவத்தை அன்று, உலோகத்தையே நோக்கினர்.

அகஸ்தஸ் காசைப் பார்த்து இந்நாட்டிலேயே செய்யப்பட்ட போலிகளும் உண்டு. அவற்றை அறிவதற்கு எழுத்தைப் பார்த்தாலே போதும். இளைஞர் இருவரும் கேடயத்தோடு நிற்பர். சுற்றிலும் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற கீறல்களே இருக்கும். அச்சு வெட்டிய கம்மியனுக்குக் கேயஸ் யார், லூசியஸ் யார் என்பது தெரியவேண்டிய தேவையே இருக்கவில்லை.